ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் படுக்கலாமா?

சொந்த ரிப்பேர்க்காரர்கள் கவனத்துக்கு!

சங்கரன்கோவிலில் கார் வைத்திருக்கும் சிலருக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் போதும். கைலியை மடித்துக் கட்டி, ஸ்பேனரும் கையுமாக வாசலில் இறங்கி விடுவார்கள். "இதுக்கெல்லாம் ஒர்க்‌ஷாப்பா? காசுக்குப் பிடித்த கேடு" என்பது அவர்கள் கட்சி.

கட்சி நியாயம்தான். ஆனால் உயிர்?

கரிசல் மண் ஏமாற்றும்

காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாட்ட மட்டும்தான். அடியில் படுத்து வேலை பார்க்க அல்ல. காரோடு தரும் புத்தகத்திலேயே இது அச்சடித்து இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? சின்ன கார் என்று பெயர் வாங்கிய மாருதி 800 கூட சுமார் 650 கிலோ. அம்பாசிடர் ஆயிரம் கிலோவுக்கு மேல். அது நெஞ்சில் இறங்கினால் "ஐயோ" என்று கத்தக்கூட மூச்சு இருக்காது.

நம்ம ஊரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சுற்றிலும் கரிசல் காடு. கழுகுமலை ரோட்டில் பஞ்சர் ஆகி ஓரம் கட்டினால், மழை பெய்த மறுநாள் ஜாக்கி மெல்ல மெல்ல மண்ணில் புதையும். சித்திரை வெயிலில் தார் ரோடும் இளகும். கனமான பலகை ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள் அண்ணாச்சி. அதன் மேல் ஜாக்கியை நிறுத்துங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லை அண்டக் கொடுக்க வேண்டும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாக இளக்கி விட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் காரே ஆடும்.

அடியில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் வேலைக்கு ஆகாது. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தனியாக இறங்கவும் கூடாது. வீட்டில் ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஹாலிவுட் நடிகர் பலி!

நின்ற கார்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஹாலிவுட் நடிகர் அன்டன் எல்சின் 2016 ஜூன் மாதம் தன் வீட்டு வாசலிலேயே பலியானார். சரிவில் நிறுத்தி இறங்கிய ஜீப் பின்னால் உருண்டு வந்து, அவரைத் தூணோடு சேர்த்து நசுக்கி விட்டது. வயது 27.

சீறும் ரேடியேட்டர்

ஆடித்தபசு கூட்டத்தில் கார் ஊர்ந்து ஊர்ந்து வந்தால் என்ஜின் கொதிக்கும். உடனே துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகுவது மகா தப்பு! மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். மூடி திறந்த வினாடி கொதிநீரும் ஆவியும் முகத்தில் பீறிடும். கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறட்டும்.

இப்போதைய கார்களில் என்ஜினை அணைத்த பிறகும் மின்விசிறி திடீரென்று சுற்றும். தோளில் துண்டு தொங்க குனிபவர்கள் உஷார்! துண்டு சிக்கினால் கழுத்தும் சேர்ந்து போகும்.

பேட்டரியும் புற்றுமண்ணும்

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஒரு பொறி போதும், வெடிக்கும். தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழிக்கிற ஆட்களும் உண்டு! கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது அது கடைசி. மோதிரத்தைக் கழற்றி விடுங்கள்.

ஆசிட் பட்டால்? நம்ம ஊரில் தோல் வியாதி என்றால் கோயில் புற்றுமண்தான் நினைவுக்கு வரும். சாமி பிரசாதம், குறை சொல்லவில்லை. ஆனால் ஆசிட் காயத்துக்கு எதையும் பூசக் கூடாது. குழாயைத் திறந்து 20 நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவி, நேராக ஆஸ்பத்திரி.

ஷட்டரை இறக்கி விட்டு செட்டுக்குள் என்ஜினை ஓட விடுவதும் ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆள் சாய்ந்து விடுவார்.

ஒருவேளை காருக்கு அடியில் யாராவது சிக்கி விட்டால் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒருவர் 108-க்குப் போன் போடட்டும். மற்றவர்கள் பக்கத்து வண்டி ஜாக்கியை வாங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, காரை மேலே தூக்குங்கள்.