ஹைகேட் குன்றின்மீது ஒரு வீடு

லண்டன் மாநகரத்தின் வடபால், நகரத்தின் புகையும் இரைச்சலும் சற்றே அடங்கும் உயரத்தில் அமைந்திருக்கும் ஹைகேட் என்னும் புறநகர்ப் பகுதி, பழைய கதைகளுக்கும் பெரிய மனிதர்களின் சமாதிகளுக்கும் பெயர்போனது. ஏழைச் சிறுவனான விட்டிங்டன் பட்டணத்தில் பிழைக்க வழியின்றி ஓடிப்போகையில், தேவாலய மணிகள் தன்னைத் திரும்பி வரும்படி அழைப்பதாக இந்தக் குன்றின் அடிவாரத்தில் நின்று கேட்டான் என்றும், கேட்டுத் திரும்பிப் போனவன் பின்னாளில் லண்டன் நகரத்தின் மேயரானான் என்றும் அங்கே குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார்கள். அதன் ஞாபகமாக ஒரு கல்லும், கல்லின்மேல் ஒரு பூனையின் உருவமும் இன்றைக்கும் இருக்கின்றன. குன்றின் சரிவிலுள்ள விசாலமான மயானத்தில் கார்ல் மார்க்ஸின் சமாதியும், அதற்கு எதிரே தத்துவஞானி ஹெர்பர்ட் ஸ்பென்ஸரின் சமாதியும் இருப்பதால், உலகின் பல தேசங்களிலிருந்தும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். அவர்களில் மிகச் சிலரே, அதே ஹைகேட்டில் கிராம்வெல் அவென்யூ என்ற அமைதியான குடியிருப்புத் தெருவுக்குள் திரும்பி, அறுபத்தைந்தாம் எண்ணுள்ள வீட்டின் முன் நிற்கிறார்கள்.

விக்டோரியா மகாராணியார் காலத்து நடுத்தர வகுப்பினருக்காகக் கட்டப்பட்ட செங்கல் வீடுகளில் ஒன்று அது. அண்டை வீடுகளினின்றும் அதை வேறுபடுத்திக் காட்டும் சிற்பமோ கோபுரமோ அதற்குக் கிடையாது. ஆயினும் 1905-ஆம் வருஷம் முதல் ஏறக்குறைய நான்கு வருஷ காலம், 'இந்தியா ஹவுஸ்' என்ற பெயருடன் அந்த வீடு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் போலீஸ் இலாகாவுக்குத் தூக்கமில்லாமற் செய்தது. லண்டன் பத்திரிகைகள் அதை 'மர்ம மாளிகை' என்று வர்ணித்தன. தமிழ்நாட்டின் அரசியலையும் இலக்கியத்தையும் ஒருசேரத் தொட்ட ஒரு மனிதரின் வாழ்க்கை அங்கேதான் திசை மாறியது.

அந்த வீட்டை வாங்கியவர், கட்ச் தேசத்து மாண்டவி நகரில் பிறந்த சியாம்ஜி கிருஷ்ண வர்மா. ஸம்ஸ்கிருதத்தில் மகா பண்டிதராக இருந்து ஆக்ஸ்போர்டில் மோனியர் வில்லியம்ஸுக்கு உதவி செய்தவரும், பாரிஸ்டர் பட்டம் பெற்றவரும், சுதேச சமஸ்தானங்களில் திவான் உத்தியோகம் பார்த்தவருமான அவர், ஸ்பென்ஸரின் கொள்கைகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டு, ஆக்கிரமிப்பை எதிர்ப்பது அனுமதிக்கத்தக்கது மட்டுமன்று, கடமையும் ஆகும் என்ற கருத்தையே தம் பத்திரிகையான 'இந்தியன் ஸோஷியாலஜிஸ்ட்'டின் தாரக மந்திரமாக வைத்துக்கொண்டார். அவர் ஹைகேட்டில் வீடு வாங்கியதற்கும் அங்கே ஸ்பென்ஸரின் அஸ்தி இருப்பதற்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, தம் ஆசிரியரின் சமாதிக்கு இத்தனை அருகில் அந்த மாணவர் தம் பெரிய காரியத்தை ஆரம்பித்தது நினைக்க நினைக்க உள்ளத்தைத் தொடுகிறது.

காரியம் என்னவோ மேலுக்கு மிகவும் எளியதுதான். இந்தியாவிலிருந்து கல்வி கற்க வந்த மாணவர்களுக்கு லண்டனில் இடம் கிடைப்பது அந்நாளில் பெரும்பாடு. தோலின் நிறத்தைப் பார்த்ததுமே வீட்டுக்காரிகள் கதவைச் சாத்தினார்கள். கிடைத்த இடத்திலும் வெந்ததும் வேகாததுமான மாமிசத்தைத் தவிர வேறு உணவு கிடையாது. சுமார் இருபத்தைந்து மாணவர்கள் தங்கக்கூடிய விடுதியாகவும், புத்தகசாலையும் பிரசங்க மண்டபமும் உள்ள சங்கமாகவும் அந்த வீட்டைச் செப்பனிட்டு, 1905 ஜூலை 1-ஆம் தேதி ஆங்கிலேய சமதர்மவாதியான ஹிண்ட்மனைக் கொண்டு சியாம்ஜி திறந்து வைத்தார். தாதாபாய் நௌரோஜியும் லாலா லஜபதி ராயும் மேடம் காமாவும் அந்த வைபவத்துக்கு வந்திருந்தார்கள். சியாம்ஜி அளித்த உபகாரச் சம்பளங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: படித்து முடித்தபின் பிரிட்டிஷ் சர்க்காரின் கீழ் உத்தியோகம் பார்க்கக் கூடாது. சீமைக்குப் போவதே சர்க்கார் உத்தியோகத்துக்காக என்று எண்ணியிருந்த காலத்தில், இந்த ஒரு நிபந்தனை எத்தனை குடும்பங்களின் கனவைக் குலைத்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் அந்த உபகாரச் சம்பளங்களில் ஒன்றைப் பெற்று விநாயக தாமோதர ஸாவர்க்கர் வந்து சேர்ந்தார். 1907-இல் சியாம்ஜி பாரிஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு, வீட்டின் தலைமை அந்த இளைஞரின் கைக்கு வந்தது. இந்தியா ஹவுஸைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஸாவர்க்கருடன் ஆரம்பித்து ஸாவர்க்கருடன் முடித்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், அது ஒருவருடைய வீடு அன்று. பல மாகாணத்துப் பிள்ளைகள் ஒரே அடுப்பில் சமைத்த சோற்றைப் பங்கிட்டு உண்ட விடுதி. அந்தப் பந்தியில் தமிழர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தாம் கண்டதைத் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார். அப்படி இருக்க, அந்த வீட்டை நாம் பிறர் எழுதிய சரித்திரத்தின் மூலமாக மாத்திரமே அறிந்திருப்பது வருந்தத்தக்கது.

எழுதி வைத்தவர் ஸ்ரீரங்கத்து டாக்டர் தி.சே.சௌ. ராஜன். ரங்கூனில் வைத்தியத் தொழில் பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு, மேற்படிப்புக்காக 1907-இல் லண்டன் போனவர். ரங்கூனில் அவருக்குப் பழக்கமாயிருந்த திருச்சி வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயரும், பாரிஸ்டர் பட்டத்தை நாடி அதே காலத்தை ஒட்டி லண்டனுக்கு வந்து லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். தக்க உணவு கிடைக்காமல் வாடிய தென்னாட்டு மாணவர்களுக்கு, பருப்பும் சோறும் கிடைக்கும் இடம் ஒன்று ஹைகேட்டில் இருக்கிறது என்ற செய்தி எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்! உணவைத் தேடிச் சென்றவர்களின் இலையில் தேசபக்தியும் பரிமாறப்பட்டது. நல்ல வருமானமும் சீமை நாகரிகமும் உள்ள வக்கீலாக ஊர் திரும்பியிருக்கக்கூடிய ஐயர், அந்த வீட்டில் ஸாவர்க்கருக்கு வலக்கையானார். பாரதியார் சம்பந்தப்பட்டிருந்த 'இந்தியா' பத்திரிகைக்கு லண்டனிலிருந்து கடிதங்கள் எழுதினார். படிப்பை முடித்தும், ராஜவிசுவாசப் பிரமாணம் செய்ய மனமின்றி, எந்தப் பட்டத்துக்காகக் கடல் கடந்து வந்தாரோ அதையே துறந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டின் மண்டபத்தில் கூட்டம் நடக்கும். 1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சியை 'சிப்பாய்க் கலகம்' என்று ஆங்கிலேயர் சொல்லிவந்த நாளில், 1908 மே 10-ஆம் தேதி அதன் ஞாபகார்த்த விழாவை அவ்வீட்டில் கொண்டாடினார்கள். அதைச் சுதந்திர யுத்தம் என்று நிலைநாட்ட ஸாவர்க்கர் மராத்தியில் எழுதிய பெருநூலை அந்த வீட்டு இளைஞர்கள் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்கள். ஐயர் அந்த வேலையில் முக்கியப் பங்கு கொண்டார். அச்சாகி வெளிவரும் முன்னரே தடை விதிக்கப்பட்ட விசித்திரமான பாக்கியம் அந்தப் புத்தகத்துக்குக் கிட்டியது. இதற்குள் ஸ்காட்லண்டு யார்டின் ஒற்றர்கள் தெருவிலே காவல் நின்றதோடு, மாணவர் வேஷத்தில் வீட்டுக்குள்ளேயும் பிரவேசித்துவிட்டார்கள்.

அடுப்பங்கரையும் இந்த விருத்தாந்தத்துக்குப் புறம்பானதன்று. 1909-ஆம் வருஷத்தின் ஆரம்பத்தில், சதுர்ப்புஜ அமீன் என்ற சமையற்காரர் இந்தியா திரும்பியபோது, அவருடைய பெட்டியின் இரட்டை அடித்தட்டுக்குள் இருபது பிரௌனிங் துப்பாக்கிகள் மறைந்திருந்தன. அவற்றுள் ஒன்றினால்தான் அந்த வருஷக் கடைசியில் நாசிக் கலெக்டர் ஜாக்ஸன் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே, 1909 ஜூலை 1-ஆம் தேதி இரவு, அவ்வீட்டில் பழகிய மதன்லால் திங்கரா என்ற என்ஜினீயரிங் மாணவர், பிரிட்டிஷ் அதிகாரியான ஸர் கர்ஸன் வைலியை லண்டனில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் சுட்டுக் கொன்று, ஆகஸ்டு 17-ஆம் தேதி தூக்குமேடை ஏறினார். இதைச் சொல்லுகிறவர்கள், அன்றிரவு தடுக்க முன்வந்து குண்டுபட்டு இறந்த பார்ஸி டாக்டர் காவாஸ் லால்காகாவைப் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். அந்த மனிதர் எவருக்கும் பகைவரல்லர். தியாகத்தைப் போற்றுவதற்காக அவரை மறைக்கவேண்டிய அவசியமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

திங்கராவைக் கண்டிப்பதற்காக நான்கு நாள் கழித்து காக்ஸ்டன் ஹாலில் இந்தியப் பிரமுகர்கள் கூடிய கூட்டத்தில், கண்டனம் ஏகமனதானதன்று என்று எழுந்து நின்ற ஸாவர்க்கரை ஒருவன் முகத்தில் குத்தினான். குத்தியவனைத் தன் தடியால் அடித்தவர், திருவல்லிக்கேணியில் 'இந்தியா' பத்திரிகையை நடத்திவிட்டு லண்டன் வந்திருந்த மண்டயம் திருமலாசாரியார். பக்கத்தில் இருந்த ஐயர் துப்பாக்கியை எடுக்கப் போனார் என்றும், ஸாவர்க்கர் சைகை காட்டித் தடுத்தார் என்றும் சொல்லுவதுண்டு.

இவ்வளவு ரத்தமும் ரகசியமும் கலந்த கதையிலே, டாக்டர் ராஜன் நமக்குத் தந்திருக்கும் ஒரு நினைவு முற்றிலும் வேறு வகையானது. ஹைகேட் விடுதியின் நாட்கள் முடிந்துகொண்டிருந்த 1909 அக்டோபரில், மனம் சோர்ந்திருந்த இந்திய மாணவர்கள் விஜயதசமியை லண்டனில் ஒரு விருந்துடன் கொண்டாட எண்ணி, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் பிரதிநிதியாக வந்திருந்த மோகன்தாஸ் காந்தியைத் தலைமை வகிக்கக் கேட்டார்கள். 1906-லேயே அவர் ஹைகேட் வீட்டுக்கு வந்து சியாம்ஜியுடன் வாதம் செய்துவிட்டுப் போனவர். அவர்களுடைய மார்க்கம் தமக்கு உடன்பாடானதன்று என்பதை மறைத்தவரும் அல்லர். உணவு சைவமாக இருக்கவேண்டும், அரசியல் விவகாரங்களைப் பேசக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளுடன் அவர் சம்மதித்தார். அன்று பகலெல்லாம் மாணவர்கள் சிலர் தாமே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருக்க, ராஜனும் அவர்களில் ஒருவராக இருந்தார். பிற்பகலில் மெலிந்த உருவமுள்ள ஒருவர் எங்கிருந்தோ வந்து, யாரையும் எதுவும் கேளாமல், பாத்திரங்களைத் துலக்கவும் காய்கறி நறுக்கவும் ஆரம்பித்தார். ஆட்கள் குறைவாயிருந்த நேரத்தில் உதவிக்கு ஒருவர் கிடைத்தார் என்ற மகிழ்ச்சியில், அவர் யார் என்று எவரும் விசாரிக்கவில்லை. சாயங்காலம் ஐயர் அங்கே வந்து பார்த்தபோதுதான், பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பவர் அன்றைய விருந்தின் தலைவர் என்பது தெரிந்து எல்லோரும் திகைத்துப் போனார்கள். திகைத்தவர்கள் தடுத்தும் அவர் வேலையை விடவில்லை. பந்தி பரிமாறுவதிலும் கலந்துகொண்டு, பிறகு தலைமையாசனத்தில் அமர்ந்தார். அரசியல் கூடாதென்ற நிபந்தனைக்குப் பங்கமில்லாமல், அவர் ஸ்ரீராமனுடைய குணங்களைப் பற்றிப் பேசினார். ஸாவர்க்கர் மகிஷனை வதைத்த துர்க்கையைப் பற்றிப் பேசினார். புராணத்தின் போர்வைக்குள்ளே இருவரும் எதைப் பேசினார்கள் என்பது சபையில் இருந்தவர்களுக்கு விளங்காமல் இருந்திருக்க முடியாது.

அதற்கடுத்த மாதம், தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலிலே காந்தியடிகள் பத்து நாட்களில் 'ஹிந்த் ஸ்வராஜ்' என்னும் நூலை எழுதி முடித்தார். அதில் வாசகன் என்ற பாத்திரம் ஆத்திரத்துடன் கேட்கும் கேள்விகளெல்லாம் லண்டனில் அவர் சந்தித்த இந்த இளைஞர்கள் கேட்டவையே. ஆகவே, சத்தியாக்கிரக சாஸ்திரத்தின் மூலநூல்களில் ஒன்று உருவாவதற்கும், ஆயுதத்தை நம்பிய அந்த வீடே ஒரு காரணமாயிற்று.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. வீடு மூடப்பட்டது. 1910 மார்ச்சில் ஸாவர்க்கர் விக்டோரியா ரயில் நிலையத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். ஐயர் சீக்கியர் வேஷத்தில் தப்பினார்; வழியில் ஓர் ஒற்றன் அவர் பெட்டியிலிருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துக்களைக் காட்டி மடக்கியபோது, தம் பெயர் வீர விக்ரம சிங் என்று சற்றும் தயங்காமல் சொல்லிவிட்டார் என்பது வெகுகாலமாக வழங்கிவரும் கதை. அந்த வருஷ முடிவுக்குள் புதுச்சேரி வந்து சேர்ந்த அவர், பாரதியாருக்கும் அரவிந்தருக்கும் அண்டையில் பத்து வருஷம் வாழ்ந்து, திருக்குறளை இங்கிலீஷில் பெயர்த்தார். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதினார். மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்கு அங்கே துப்பாக்கிப் பயிற்சி அளித்தவரும் அவரே. பிற்காலத்தில் காந்தியடிகளின் நெறியை ஏற்று, சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தி, 1925 ஜூன் 3-ஆம் தேதி பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர் நீத்தவரும் அவரே.

டாக்டர் ராஜனோ லண்டனில் வைத்தியப் பட்டம் பெற்றுத் திரும்பி, திருச்சியில் பேர்பெற்ற ரண வைத்தியரானார். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் உப்பு யாத்திரை வேதாரணியத்தை நோக்கிப் புறப்பட்டது, முன்னொரு நாள் காந்திக்கு அருகிலிருந்தும் அவரை அறியாமல் சமைத்துக்கொண்டிருந்த இந்த ராஜனுடைய இல்லத்திலிருந்துதான். பின்னர் சென்னை மாகாணத்தின் மந்திரியாகவும் இருந்தார்.

1985 ஜூன் மாதத்தில், இந்தியாவின் நெடுநாள் நண்பரான பென்னர் பிராக்வே பிரபு, அறுபத்தைந்தாம் எண் வீட்டின் சுவரில் நீலநிற வட்டப் பலகை ஒன்றைத் திறந்து வைத்தார். இந்திய தேசபக்தரும் தத்துவஞானியுமான ஸாவர்க்கர் அங்கே வசித்தார் என்று அது தெரிவிக்கிறது. மற்றவர்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஜெனீவாவில் 1930-இல் காலமான சியாம்ஜியின் அஸ்தி 2003-ஆம் வருஷம் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் பிறந்த மாண்டவியில் எழுப்பப்பட்ட நினைவு ஸ்தலத்தில், ஹைகேட் வீட்டைப் போலவே ஒரு செங்கல் வீட்டையும் கட்டி 2010 டிசம்பரில் திறந்தார்கள். கட்சுக்குப் போகிற தமிழர்கள் அதை அவசியம் பார்த்துவர வேண்டும்; போகுமுன், ராஜன் எழுதிய 'நினைவு அலைகள்' என்ற நூலையும் அவர் இயற்றிய வ.வே.சு. ஐயர் சரித்திரத்தையும் தேடி வாசித்துவிட்டுப் போவார்களானால், அந்தப் புதுச் சுவர்களுக்குள்ளே நம்மவர்கள் எங்கே நின்றார்கள் என்பதை எவரும் சொல்லாமலே அறிந்துகொள்வார்கள்.