லிட்டர் 11 பைசா

குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் கொல்கத்தாவில் காலமானது 2022 அக்டோபர் 16. அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023 ஜனவரி 25. இடையில் 101 நாள். விருதுக்குக் காரணமான வேலையை அவர் செய்தது 1971இல். அங்கிருந்து எண்ணினால் 51 ஆண்டுக்கு மேல்.

பேதியில் இழந்த நீரை ஈடுகட்டக் குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரை நீரான ஓ.ஆர்.எஸ். கரைசல் உலகெங்கும் 5 கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கிறது என்று அரசின் அறிவிப்பு சொன்னது. 51 ஆண்டுக்குப் பங்கிட்டால், ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் உயிர். மருத்துவத்தில் வாழ்நாள் சாதனை என்று சொல்லப்படுபவற்றில் பலவற்றைக் கணக்கில் கொண்டுவர முடியாது. மகலனாபிஸ் செய்ததைக் கொண்டுவரலாம். அவர் நம்பிக் கையில் எடுத்த மருந்தில் இருந்தவை இத்தனை கிராம், இத்தனை லிட்டர், இத்தனை பைசா, அவ்வளவுதான்.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இந்தியாவுக்குள் வந்த அகதிகள் ஏறத்தாழ 1 கோடிப் பேர். எல்லையோரம் இருந்த போங்காவில் மட்டும் 3.5 லட்சம் பேர் தங்கியிருந்தார்கள். மழைக்காலம் வேறு. காலரா பரவியது. முகாம்களில் காலரா கண்டவர்களில் 100க்கு 30 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். மகலனாபிஸ் தன் குழுவோடு அங்கே போய்ச் சேர்ந்தது ஜூன் 24. மருத்துவமனையில் இரண்டு அறை, தரையெங்கும் நோயாளிகள். நரம்பு வழியே ஏற்றும் சலைன் சீக்கிரமே கரைந்துகொண்டிருந்தது. சலைன் ஏற்றச் சுத்தமான பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், ஊசி போடத் தெரிந்த கை வேண்டும். மூன்றுமே போதவில்லை.

வாய்வழி நீர் கொடுக்கும் எண்ணம் அவர் கண்டுபிடித்ததல்ல. 1953இல் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு அப்படிக் கொடுத்ததை லான்செட் இதழில் எழுதியிருந்தார். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் 29 நோயாளிகளிடம் சோதித்து, சலைன் தேவை 80 சதவீதம் குறைவதைக் காட்டினார்கள். குளுக்கோஸ் இருந்தால் குடல் உப்பையும் அதன் பின்னே நீரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. காலராவிலும் அந்த வழி அடைபடுவதில்லை. அடிப்படை அறிவியல் இவ்வளவுதான். ஆனால் அந்தச் சோதனைகள் மருத்துவமனைக்குள், மருத்துவர் பக்கத்தில் நிற்க நடந்தவை. மருத்துவரே இல்லாத முகாமில், உறவினர் கையால் இது பலிக்குமா என்பதை எவரும் இவ்வளவு பெரிய அளவில் பார்த்திருக்கவில்லை.

அவர் எடுத்த அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு: குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், ஆப்ப சோடா 2.5 கிராம். மொத்தம் 28 கிராம். கொல்கத்தாவில் அவர்கள் வேலை பார்த்த ஆய்வு மையத்தின் நூலக அறையில் வைத்து எடைபோட்டு, பாலிதீன் பையில் கட்டி முகாமுக்கு அனுப்பினார்கள். 16 லிட்டருக்கான பை 448 கிராம்; ஒருவர் ஒரு கையில் தூக்கிவிடலாம். அதே 16 லிட்டரைச் சலைனாகக் கொண்டுபோவதென்றால் 16 கிலோவுக்கு மேல், பாட்டிலின் எடை தனி. பொருள் செலவு லிட்டருக்கு 11 பைசா.

எட்டு வாரத்துக்கு மேல் நடந்த அந்தப் பணியில் 3,700க்கும் அதிகமானோர் சிகிச்சை பெற்றார்கள். இறப்பு 3.6 சதவீதம். பழைய 30 சதவீதமே நீடித்திருந்தால் அந்த 3,700 பேரில் 1,110 பேர் போயிருப்பார்கள். போனவர்கள் சுமார் 133. வித்தியாசம் 977. ஆளுக்குப் பத்து லிட்டர் என்று தாராளமாக வைத்தால்கூட 37,000 லிட்டர்; 11 பைசா வீதம் 4,070 ரூபாய். ஓர் உயிருக்கு நான்கு ரூபாய் சொச்சம். பத்து லிட்டர் என்பது என் அனுமானம். மிக மோசமான நிலையில் வந்தவர்களுக்கு ஏற்றிய சலைன் செலவும் இதில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பத்து மடங்காக உயர்த்தினாலும் இந்தத் தொகைக்கு முன் என் மனம் கனத்துப்போகிறது. இவ்வளவு மலிவான ஒன்று கைக்கு வரும் முன்பு எத்தனை குழந்தைகள் போயிருக்கும்!

இந்தக் கணக்கில் விலை போடாத ஒரு வரவு உண்டு. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு நீரிழப்பு ஓரளவு இருந்தால், கிலோவுக்கு 75 மில்லி வீதம் 750 மில்லி கரைசலை நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 5 மில்லி பிடிக்கும் கரண்டியில் அது 150 கரண்டி. 240 நிமிடத்தில் 150 கரண்டி என்றால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். இரண்டு வயதுக்குள் இருந்தால் பிறகு ஒவ்வொரு முறை பேதியாகும்போதும் 50 முதல் 100 மில்லி. எந்த மருத்துவமனையாவது ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியரை நான்கு மணி நேரம் ஒதுக்குமா? போங்காவில் அந்த வேலையைப் பார்த்தது தாய்மாரும் பாட்டிமாரும் அண்ணன் அக்காமாரும். மகலனாபிஸின் துணிச்சல் அங்கேதான். படிப்பு இல்லாத, வீடிழந்து வந்த மனிதர்களின் கையில் மருந்தின் அளவை ஒப்படைத்தார்.

வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு அமைப்பு இதே நம்பிக்கையை வீடு வீடாகக் கொண்டுபோனது. 1980 முதல் 1990 வரை 1.2 கோடி வீடுகள். மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சொல்லிக்கொடுத்த பெண்களின் சம்பளம், கேட்ட தாய் பின்னர் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கியது. பொது சுகாதாரத்தில் இதைவிட நேர்மையான சம்பள முறையை நான் அறியேன்.

1980களின் தொடக்கத்தில், உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 46 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைக் கணக்கு சுமார் 4.44 லட்சம். குடிநீர், கழிப்பறை, தட்டம்மைத் தடுப்பூசி, ரோட்டா வைரஸ் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. எல்லாப் புகழையும் ஒரு பொட்டலத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது.

கௌரவங்களின் பக்கம் சிறியது. 1994இல் சுவீடன் அரச அறிவியல் கழகம் அவரை வெளிநாட்டு உறுப்பினராக்கியது. 2002இல் குழந்தை மருத்துவ ஆய்வுக்கான பொலின் பரிசு, மூவருடன் பகிர்ந்து. 2006இல் தாய்லாந்தின் இளவரசர் மகிடோல் விருது, நாலின், கேஷ் இருவருடன். பிறகு, இறந்தபின், பத்ம விபூஷண். 2023இல் பத்ம விருது பெற்ற 106 பேரில் அந்த உயர்ந்த வரிசையில் இருந்தவர்கள் 6 பேர். பத்ம விருதுகளுடன் பணம் வருவதில்லை. பணம் போனது அவர் பக்கத்திலிருந்துதான்: கொல்கத்தா குழந்தைகள் நல நிறுவனத்துக்கு அவர் தந்தது 1 கோடி ரூபாய். இந்தக் கௌரவத்தை 2023 வரை தள்ளிப்போட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. 1978இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கரைசலை வைத்து ஒரு தனித் திட்டமே தொடங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 44கூட நிறையவில்லை.

கரைசல் இன்னும் எல்லாக் குழந்தைகளுக்கும் போய்ச் சேரவில்லை. இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வில் 2015–16இல், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தவர்கள் 50.6 சதவீதம். 2019–21இல் 60.6. கூடவே கொடுக்க வேண்டிய துத்தநாக மாத்திரை கிடைத்தவர்கள் 30.5 சதவீதம்தான். அதன் அளவு பெரிய விஷயமே இல்லை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள்.

கரைசலின் அளவும் மாறியிருக்கிறது. 2002 முதல் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, மொத்தம் 20.5 கிராம். சர்க்கரை அதிகமானால் குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதில் வெளியே விடும், பேதி கூடும். ஆனாலும் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு மருந்துக் கடையிலேயே விற்றன. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் அந்தப் பெயரைப் பானங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. கடையில் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்: லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் என்று இருக்க வேண்டும்.