பலகைச் சுவரின் பொருத்துவாய்

அமெரிக்க நாட்டில் வீடு கட்டுவோருட் பெரும்பாலோர் உட்சுவருக்குச் செங்கல்லை நாடுவதில்லை. மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மீது ஜிப்சம் பலகைகளைத் திருகாணிகளால் முடுக்கிச் சுவராக்குவர். ஜிப்சம் என்பது மென்மையான ஒரு கனிமம். அதனைப் பொடித்துச் சுட்டு, நீரிற் குழைத்து, இருபுறமும் கெட்டிக் காகிதம் போர்த்து உலர்த்தினால் பலகையாகும். இதற்கு முன்னோடியான பலகை ஒன்றுக்கு அகஸ்டின் சாக்கெட் என்பார் 1894-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகள் விரைந்து பெருகிய காலத்தில் பலகைச் சுவர் எங்கும் பரவிற்று. ஈரச்சாந்து பூசிய சுவர் காய்வதற்கு நாள் பல ஆகுமன்றோ?

பலகை பெரும்பாலும் 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உடையது. ஆகவே ஓர் அறையில் பொருத்துவாய்கள் பல. அவற்றின்மேற் காகிதப் பட்டை ஒட்டி, பட்டி என்னும் குழைவைப் பூசி மறைப்பர். பூசி முடித்த அன்று எல்லாச் சுவரும் அழகாகவே தோன்றும். சில திங்கள் கழிந்தபின் ஒரு சுவரில் மயிரிழை போன்ற வெடிப்பு ஓடும். மற்றொன்றிற் பட்டை கொப்புளித்து நிற்கும். பழி பட்டியின்மேல் விழும். குற்றமோ பெரும்பாலும் பட்டை ஒட்டுமுன் விட்ட குறையாகும்.

தேர்ந்த தொழிலாளர் முதலில் திருகாணிகளை ஆராய்வார். அகன்ற தகட்டுக் கரண்டியைச் சுவர்மீது இழுத்துச் செல்வார். எங்கேனும் தட்டி ஒலித்தால் அங்கே ஆணித்தலை புடைத்திருக்கிறது. அதனைக் காகிதம் கிழியாதவாறு சற்றே உட்செலுத்துவார். கிழிந்துவிட்டால் அவ்வாணி பலகையைப் பற்றாது. அருகில் வேறோர் ஆணி முடுக்குவார்.

பலகையின் நீண்ட விளிம்புகள் ஆலையிலேயே சரிவாகச் செய்யப்படுகின்றன. அவை இரண்டு சேருமிடத்தில் ஆழமற்ற பள்ளம் உண்டாகும். பட்டையும் பட்டியும் அதில் அடங்கிச் சுவரோடு சமமாகும். குறுகிய விளிம்புகளுக்கும் அறுத்த விளிம்புகளுக்கும் இச்சரிவு இல்லை. ஆதலால் அவற்றின் முனையைக் கத்தியாற் சிறிது சாய்வாகச் சீவி, பிசிறாகத் தொங்கும் காகிதத்தை நீக்குவார். பிசிறை விட்டால் அது ஈரப் பட்டியில் நனைந்து மேலெழும். நொறுங்கிய ஜிப்சத்தையும் சுரண்டி எறிதல் வேண்டும்.

எஞ்சிய இடைவெளி எட்டில் ஓர் அங்குலத்தினும் மிகுமாயின் அதனை முன்னரே அடைத்தல் வேண்டும். எந்தப் பட்டியால் அடைப்பது என்பதே இங்குக் கருதத்தக்கது. குழைத்த நிலையில் வாளியில் விற்கப்படும் பட்டி, தன்னிடமுள்ள நீர் ஆவியாவதால் உலர்வது. நீர் நீங்கிய அளவு அது சுருங்கும். ஆழ்ந்த இடைவெளியிற் சுருக்கம் மிகும். மேலே ஒட்டிய பட்டையையும் உள்ளிழுக்கும். பொடியாக விற்கப்படும் மற்றொரு வகையில் சுட்ட ஜிப்சம் உண்டு. அது சூட்டில் இழந்த நீரை மீண்டும் ஏற்று, நுண்ணிய படிகங்களாகப் பின்னி இறுகுவது. ஆதலின் அதன் சுருக்கம் சிறிதே. இடைவெளிக்கு ஏற்றது இதுவே. ஆயினும் குழைத்தது கலத்திலேயே இறுகிவிடுமாதலால் வேண்டுமளவே குழைத்தல் நலம். கரண்டியால் உள்ளழுத்தித் திணித்து, மேற்புறத்தைச் சமமாக வழிக்க வேண்டும். மேடாக விட்டால் பின்னர் உப்புத்தாள் தேயுமேயன்றி மேடு எளிதிற் தேயாது.

அடைத்தது நன்கு இறுகியபின் தூசியைத் துடைத்து, பட்டியை மெல்லிய படலமாக இட்டு, அதன்மேற் காகிதப் பட்டையை வைத்து அழுத்துவர். படலம் விடுபட்ட இடத்திற் பட்டை ஒட்டாது கொப்புளிக்கும்.