நீலகிரியில் கிறித்தவ ஆற்றுப்படுத்தல்

கிறித்தவ ஆற்றுப்படுத்தல் என்பது மனத்துயரிலோ நம்பிக்கைக் குழப்பத்திலோ இருக்கும் ஒருவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டு, உளவியல் முறைகளோடு விவிலியத்தையும் இறைவேண்டலையும் துணையாகக் கொண்டு, அவர் தம் வழியைத் தாமே கண்டுகொள்ள உதவும் பணியாகும். குருக்கள், ஆயர்கள், அருட்சகோதரிகள், பயிற்சி பெற்ற பொதுநிலையினர் ஆகியோர் இதனைச் செய்கின்றனர். நீலகிரி மாவட்டத்தில் கத்தோலிக்கர் 1955இல் நிறுவப்பட்ட உதகை மறைமாவட்டத்தின்கீழும், தென்னிந்தியத் திருச்சபையினர் கோயம்புத்தூர் திருமண்டலத்தின்கீழும் உள்ளனர்.

பெயர்

இப்பணிக்குத் தமிழில் ஒரே பெயர் இல்லை. இலங்கையில் உளவளத்துணை என்பர். தமிழ்நாட்டுச் சீர்திருத்த சபைகளில் ஆலோசனை ஊழியம் என்பது வழக்கு. கத்தோலிக்கரிடையே ஆற்றுப்படுத்துதல் என்ற சொல் பரவியுள்ளது. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையில் வாடும் இன்னொரு கலைஞருக்குத் தாம் போன வழியைச் சொல்வதே சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை. ஆலோசனை என்ற சொல் அறிவுரை கூறுவதாகத் தொனிப்பதால், மூன்றில் இதுவே பணியின் இயல்புக்கு நெருக்கமானது எனலாம்.

பின்னணி

திருச்சபையில் மனம் திறந்து பேசும் வழக்கம் பழையது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. எனினும் பாவமன்னிப்பு வேறு, ஆற்றுப்படுத்தல் வேறு. முன்னது குற்றத்தை அறிக்கையிடுவது. பின்னதில் குற்றமே இல்லாமலும் இருக்கலாம். கணவனை இழந்தவர் அழுவது பாவமன்று.

இப்பணி இன்றைய வடிவத்தைப் பெற்றது 20ஆம் நூற்றாண்டில்தான். 1920இல் தாமே மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் இருந்த அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன், 1925இல் இறையியல் மாணவர்களை மனநல மருத்துவமனைக்கு வரவழைத்து, நோயாளிகளிடமிருந்து கற்கச் செய்தார். இந்தியாவுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் மனச்சோர்வால் முடங்கிய இ. ஸ்டான்லி ஜோன்ஸ், 1950இல் லக்னோவில் நூர் மன்சில் மனநல மையத்தைத் தொடங்கினார். இருவருமே அந்த வழியில் நடந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் உருவானது. நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவர் உடன் தங்கிப் பராமரிக்கும் முறை அங்கு நடைமுறைக்கு வந்தது. மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டிவைப்பது இயல்பாக இருந்த காலத்தில் இது பெரிய மாற்றம். மனைவியோ அண்ணனோ அருகிலிருந்து நோயைப் புரிந்துகொண்டால், வீடு திரும்பிய பின் மாத்திரை தவறாது, ஏச்சும் குறையும். வேலூரிலேயே இயங்கும் கிறித்தவ ஆலோசனை மையம், போதகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறது.

தேயிலைத் தோட்டங்களில்

மலையில் துயரத்தின் வடிவம் வேறு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் குடியேறினர். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இவை 1976 முதல் டான்டீ நிறுவனமாக இயங்குகின்றன. அத்தோட்டங்களின் ஒரு பகுதியை வனத்துறைக்கு மாற்ற 2022இல் அரசு ஆணையிட்டபோது, இரண்டாம் முறையும் இடம் பெயர வேண்டுமோ என்ற அச்சம் தொழிலாளர் குடும்பங்களில் எழுந்தது.

தோட்டத்தில் ஓய்வு பெற்றவர் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு பெண், பணிநாள் முடியும் மாதத்தில் தூக்கமின்றிக் கோயிலுக்கு வந்து அழுகிறார் எனக் கொள்வோம். அவருடைய துயரம் விசுவாசக் குறைவால் வந்ததன்று. முழுவதும் மனநோயும் அன்று. அவருக்கு வீடு இல்லை. இதை உணராமல் செபம் மட்டும் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படுத்தல் ஆகாது. அவரோடு அமர்ந்து கேட்பது, செபிப்பது, பணிக்கொடை விண்ணப்பத்துக்குத் தொழிற்சங்கத்திடம் அழைத்துச் செல்வது ஆகிய மூன்றும் இங்கே ஒரே பணிதான்.

குடிப்பழக்கமும் அப்படியே. பெரும்பாலும் முதலில் வருபவர் குடிப்பவர் அல்லர், அவருடைய மனைவி. கணவர் மாறும்வரை காத்திராமல், அவருடைய பாதுகாப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் குறித்து முதலில் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துப் போகச் சொல்லி அடி வாங்கும் வீட்டுக்கே திருப்பி அனுப்பும் போதகர்களும் உண்டு. அது விவிலிய ஆலோசனை என்ற பெயரில் இழைக்கப்படும் தீங்கு.

இரகசியம்

லைன் வீடுகளில் ஒரு சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. யார் யாரைப் பார்க்கப் போனார் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது எனத் திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு கூறுகிறது. ஆற்றுப்படுத்தலிலும் இரகசியம் கடமையே. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் உரியவரிடம் சொல்லியாக வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுவது நேர்மை. ஞாயிறு செபத்தில் பெயர் சொல்லி மன்றாடுவதுகூட இரகசியத்தை உடைப்பதுதான். நல்லெண்ணத்தில் செய்யப்படுவதால் இதைப் பலர் தவறாக நினைப்பதில்லை. ஊட்டி காந்தல் குருசடித் திருத்தலம் போன்ற இடங்களுக்குத் தொலைவிலிருந்து வருவோர், தங்களை அறியாத ஒரு குருவிடம் பேச முடிவதை ஆறுதலாகக் கருத இதுவும் ஒரு காரணமாகலாம்.

எல்லைகள்

விவிலியம் மட்டுமே போதும், உளவியல் தேவையில்லை என்ற கருத்தை அமெரிக்கரான ஜே ஆடம்ஸ் 1970இல் தம் நூலில் வலியுறுத்தினார். அதன் தாக்கம் சில சபைகளில் இன்றும் உண்டு. மனச்சோர்வைப் பேய்பிடித்ததாகவோ செய்வினையாகவோ கொள்வதும் மலையில் புதிதன்று. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டக் கூடாது (பிரிவு 1172).

பல வாரங்கள் தூக்கமும் பசியும் கெடுதல், யாருமில்லாமல் குரல் கேட்டல், சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவை தென்பட்டால், செபத்தை விடாமலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசு மருத்துவமனை வழியாக அணுகலாம். டெலி மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. வழக்கு வருமோ என அஞ்சி மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் குடும்பத்திடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.