வெட்சி ஏன் வெளுக்கிறது?

முற்றத்துத் தொட்டியில் வெட்சி வளர்ப்போர் பலருக்கு ஒரு குறை உண்டு. தவறாது ஜலம் வார்த்தும் இளந்தளிர் மஞ்சளாக வெளுக்கிறது. நரம்புகள் மாத்திரம் பச்சையாய் நிற்கின்றன. பசியென்று எண்ணி எருவும் அடுப்புச் சாம்பலும் இடுகிறோம். செடியோ முன்னிலும் வாடுகிறது.

பெரும்பாலும் இது பசியன்று. மண்ணில் இரும்புச் சத்து இருந்தும், க்ஷாரம் மிகுந்தமையால் அது கரையாது கிடக்கிறது. வேரினால் பருக இயலவில்லை. சுண்ணாம்பு மிகுந்த கிணற்று ஜலமும், தொட்டியின் அடியில் இடும் பழங்காரைத் துண்டுகளும் க்ஷாரத்தை வளர்க்கின்றன. சாம்பலும் அதையே செய்கிறது.

டென்மார்க் தேசத்து ரசாயன அறிஞர் ஸோரன்ஸன் 1909-இல் வகுத்த அளவையில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே க்ஷாரம். ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்காகும். வெட்சி விரும்புவது ஏறக்குறைய 5 முதல் 6 வரை.

ஒரு கரண்டி மண்ணைத் தனியே எடுத்து அதன்மேல் எலுமிச்சஞ்சாறு பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டென்று அறியலாம். அப்பொழுது காரையை நீக்கி ஓட்டுத் துண்டுகளை இடுக. மண்ணில் மூன்றில் ஒரு பங்கு இலைமக்குக் கலந்து, சேமித்த மழை ஜலத்தை வார்த்து வருக. கந்தகத்தூள் இடுவதாயின் ஒரு சிட்டிகை போதும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கச் சில வாரங்கள் செல்லும். அவசரப்பட்டு மேலும் இடலாகாது.

புதுத்தளிர் பச்சையாய் வந்தால் மருந்து பலித்ததென்று கொள்ளலாம். விலை கொடுத்து வாங்கும் உரத்தைவிட, கூரையினின்று வீணே வழிந்தோடும் மழை ஜலமே வெட்சிக்கு உகந்த உபசாரம்.