சுவரின் ஈரம் எங்கிருந்து வருகிறது?

மாரி தொடங்கி இரண்டு வாரம் ஆகியிராது. அலுமாரியைத் திறந்தால் ஊசல் வாடை வீசும். கீழ்த்தட்டிலுள்ள கிதாபுகளின் அட்டைகளில் பூஞ்சணம் படர்ந்திருக்கும். கட்டிலுக்குப் பின்னாலுள்ள சுவரில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். நம்மில் பலர் அவற்றைத் துடைத்துவிட்டு, பெருநாளைக்குப் புதிதாகப் பெயின்ட் பூசுகிறோம். அடுத்த மாரியில் அதே இடத்தில் அதே புள்ளிகள் மீண்டும் வருகின்றன.

ஏனெனில், பூஞ்சண வித்திகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உள்ளன. அவற்றை முற்றாக ஒழிக்க இயலாது. அவை முளைப்பதற்குத் தேவையான ஈரத்தைத்தான் நம்மால் நிறுத்த முடியும். சுவரையொட்டிய காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நீடித்தால் பூஞ்சணம் வளரத் தொடங்கும்.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விடயமல்ல. ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டிடங்களில் வாழ்வோருக்குச் சுவாச நோய்கள் கூடுதலாக ஏற்படுகின்றன என்றும், ஆஸ்துமா மோசமடைகின்றது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகளும் ஈரக் காற்றிலேயே பெருகுகின்றன. இரவில் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் மருந்து கொடுப்பதோடு, அது படுக்கும் அறையின் சுவரையும் ஒருமுறை பாருங்கள்.

ஈரம் வரும் வழிகள்

முதலாவது, மேலிருந்து வரும் மழைநீர். உடைந்த ஓடு, இலை அடைத்த பீலி, வெடித்த சுவர் ஆகியவற்றினூடாக அது இறங்கும்.

இரண்டாவது, நிலத்திலிருந்து ஏறும் நீர். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் நீர்த்தடைப் படை இடப்படாத வீடுகளில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் மேலேறும். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை உப்புப் பூத்திருப்பது இதன் அடையாளமாகும். இத்தகைய சுவருக்கு டைல்ஸ் பதித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் மேலே ஏறும்.

மூன்றாவது, நாமே உண்டாக்கும் நீராவி. சோற்றுப் பானையும், வீட்டினுள் காயும் உடுப்பும், உறங்குவோரின் மூச்சும் காற்றில் நீரைச் சேர்க்கின்றன.

இவற்றுள் உங்கள் சுவருக்குரியது எது? ஒரு சாண் அளவு பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் இறுக ஒட்டிவிடுங்கள். இரண்டு நாட்களின் பின் பாருங்கள். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகின்றது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து படிகின்றது.

செய்ய வேண்டியவை

சுவரிலிருந்து வருமாயின், மாரிக்கு முன்னரே பீலியைத் துப்புரவு செய்து ஓட்டைச் சீராக்குங்கள். சுவரடியில் தண்ணீர் தேங்காதவாறு நிலத்தை வெளிப்பக்கமாகச் சரித்துவிடுங்கள்.

காற்றிலிருந்து வருமாயின், பானையை மூடிச் சமையுங்கள். உடுப்புகளை விறாந்தையில் காயப்போடுங்கள். அலுமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். நமது நாட்டில் பகலில் 70 வீதமளவில் இருக்கும் ஈரப்பதன் இரவில் 90 வீதத்தையும் தாண்டுவதுண்டு. எனவே மழை விட்ட நண்பகல் வேளையில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வையுங்கள். குளிரூட்டி இயங்கும் அறையில் மட்டும் யன்னலை மூடிவிடுங்கள். வெளியே 30 பாகை வெப்பத்தில் 75 வீத ஈரப்பதனுள்ள காற்று, 25 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும்.

மெத்தையோ பாயோ நனைந்தால் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிடுங்கள். இருக்கும் பூஞ்சணத்தை மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சவர்க்கார நீரால் கழுவலாம். குளோரின் திரவத்தை மலசலகூடம் கழுவும் அமிலத்துடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு உண்டாகும்.

பெயின்ட் வாங்க ஒதுக்கிய பணத்தை முதலில் பீலிக்கும் ஓட்டுக்கும் செலவிடுங்கள். சுவர் நன்கு உலர்ந்த பின்னர் பூசும் பெயின்டே நிலைத்து நிற்கும். அந்தச் சுவரோரம் உறங்கும் பிள்ளையும் நிம்மதியாக மூச்சுவிடும்.