பலகைத் தடமும் தகுதிப் பட்டியலும்

அமெரிக்கக் கல்லூரிகளில் தடகளத்துக்கு ஆண்டுக்கு இரண்டு பருவங்கள். வசந்தத்தில் வெட்டவெளி. அதற்கு முன், டிசம்பரிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை, கூரைக்குக் கீழே. வடகிழக்கு மாநிலங்களில் மைதானங்கள் பனியில் மூடிக் கிடக்கும் மாதங்கள் அவை. ஈட்டிக்கும் வட்டுக்கும் சம்மட்டிக்கும் உள்ளரங்கில் இடமில்லை. சம்மட்டி எறியும் ஆண்கள் 35 பவுண்டு எடையைச் சுழற்றி எறிந்து குளிர்காலத்தை ஓட்டுவார்கள். 100 மீட்டர் ஓடுபவர்களுக்கு 60 மீட்டர்தான். இந்தப் பருவத்துக்கு ஓர் அணி தயாராகும் விதம் இரண்டு தலைமுறைகளுக்குள் அடியோடு மாறிவிட்டது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பெயர் பெற்ற அணி பிலடெல்பியாவை அடுத்த வில்லனோவா. ஜம்போ எலியட் அங்கே பயிற்சியாளர். உள்ளரங்கப் போட்டிக்கு அவருடைய பையன்கள் தயாரானது உள்ளரங்கில் அல்ல, திறந்தவெளியில் போட்ட மரப்பலகைத் தடத்தில். பனி விழுந்தால் வழித்துத் தள்ளிவிட்டு, கையுறையும் குல்லாயுமாக ஓட வேண்டும். ஏன் பலகை? போட்டிகள் நடந்ததே பலகையில்தான். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்திய தடத்தின் சுற்று 160 கெஜம்; பதினொரு சுற்று ஓடினால் ஒரு மைல். நேர்ப்பகுதியில் இரண்டு மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். முழங்கை இடிக்கும், விழுந்தால் தொடையில் சிராய் ஏறும். ஸ்பைக்ஸ் மரத்தில் குத்தும் தடதட ஓசை மேல்வரிசை வரை கேட்கும். அங்கே வேகமானவனைவிட, முந்துவதற்குச் சமயம் பார்க்கத் தெரிந்தவனே பிழைத்தான். வில்லனோவாவில் தேறிய அயர்லாந்துக்காரர் ஏமன் கோக்லன் அந்த அரங்கின் வானமேக்கர் மைல் பந்தயத்தை ஏழு முறை வென்றார். 1983இல் நியூ ஜெர்சியில் ஒரு மைலை 3 நிமிடம் 49.78 விநாடியில் ஓடி, உள்ளரங்கில் 3:50ஐ உடைத்த முதல் மனிதரும் அவரே.

கல்லூரிகளுக்கான தேசிய உள்ளரங்கச் சாம்பியன்ஷிப் 1965இல் டெட்ராய்ட்டில் தொடங்கியது, ஆண்களுக்கு மட்டும். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும், அந்தப் போட்டியில் பெண்கள் காலடி வைக்க 1983 ஆயிற்று. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்பவர்கள் இதை மறக்கக் கூடாது. பாதிப்பேர் வெளியே நின்ற காலம் அது.

இன்றைய தடம் வேறு பொருள். 200 மீட்டர்ச் சுற்று, செயற்கை ரப்பர்ப் பரப்பு, கணக்குப் போட்டுச் சாய்த்த வளைவு. 2024இல் தேசியப் போட்டி நடந்த பாஸ்டன் அரங்கிலும் அடுத்த ஆண்டு நடந்த வர்ஜீனியா பீச் அரங்கிலும் வளைவுகளை ஹைட்ராலிக் முறையில் உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். அப்படியும் வளைவு இறுக்கமானதுதான். வாரம் முழுக்க ஒரே பக்கம் சுற்றினால் கெண்டைக்காலும் கணுக்காலும் கெஞ்சும். அதனால் இளைப்பாறல் ஓட்டங்களை எதிர்த்திசையில் ஓடச் சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. 2020 வாக்கில் வந்த புது நுரை அடிப்பாகக் காலணிகள் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன.

தாண்டுபவர்களுக்கு இந்த மாற்றம் முழு லாபம். காற்றில்லை, மழையில்லை, ஓடிவரும் பரப்பில் மேடு பள்ளமில்லை. தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018 பிப்ரவரியில் 2.28 மீட்டர் உயரம் தாண்டி இந்திய உள்ளரங்கச் சாதனை படைத்தது அப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்தில்தான்.

ஓட்டக்காரர்கள் கதைதான் சிக்கலானது. 1962இல் ஜிம் பீட்டி லாஸ் ஏஞ்சல்ஸில் 3:58.9 ஓடியதுதான் உள்ளரங்கில் நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மைல். இன்று பிப்ரவரியின் ஒரு வாரக்கடைசியில், பாஸ்டன் பல்கலைக்கழக அரங்கு ஒன்றிலேயே டஜன் கணக்கானோர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள். காரணம் தடமும் காலணியும் மட்டுமல்ல. தேசியப் போட்டியில் தனிநபர் பிரிவு ஒன்றுக்குப் பதினாறு பேருக்குத்தான் இடம். பருவத்தில் ஓடிய சிறந்த நேரங்களின் வரிசைப்படி அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யாரை வென்றாய் என்ற கேள்வியே இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் வந்த நேரமும் மார்ச் வரை செல்லும். ஹார்வர்டின் கிரகாம் பிளாங்க்ஸ் 2024 நவம்பர் 23இல் தேசிய நாடுகடப்பு ஓட்டத்தை வென்றார். சரியாக இரண்டு வாரம் கழித்து பாஸ்டனில் 5000 மீட்டரை 12:59.89இல் முடித்தார், உள்ளரங்கில் 13 நிமிடத்துக்குள் வந்த முதல் கல்லூரி மாணவர். அற்புதமான ஓட்டம், ஐயமில்லை. ஆனால் அணிகளின் குளிர்கால நாட்காட்டி முழுவதும் இந்த நேரப் பட்டியலைச் சுற்றியே இப்போது வரையப்படுகிறது. எந்தத் தடம் வேகமானது, வேகம் வகுத்துக் கொடுக்க யார் முன்னால் ஓடுவார், எந்த ஹீட்டில் இடம் கிடைக்கும்? சாய்வில்லாத தடத்தில் ஓடிய நேரத்தை மாற்றிக் கணக்கிட அட்டவணைகூட இருக்கிறது. பயணச் செலவுக்கு வழியுள்ள கல்லூரி முந்திக்கொள்கிறது.

இதோடு, கல்லூரி விளையாட்டு குறித்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தமும் சேர்ந்துகொண்டது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் தடகள அணி ஒன்றில் 45 பேருக்கு மேல் வைத்திருக்க முடியாது. உதவித்தொகைக்கு முன்பிருந்த உச்சவரம்பு போயிற்று, நல்லதுதான். ஆனால் உதவித்தொகை ஏதும் கேட்காமல், ஆசையால் வந்து சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் திடீரென்று தழைக்கும் மாணவருக்கு முன்பிருந்த இடம் சுருங்கிவிட்டது. பலகைத் தடம் போனதில் எனக்கு வருத்தமில்லை. இந்த மாணவர் போவதில் இருக்கிறது. நெடுந்தூர ஓட்டத்தில் உடல் முதிர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பதினெட்டு வயது நேரத்தை வைத்து ஒருவரைக் கழிப்பது அந்த உடலின் இயல்புக்கே எதிரானது.

ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் சேர்ந்திருக்கும் ஐவி லீக் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. இந்த மூன்று கல்லூரிகளும் பிப்ரவரியில் மோதிக்கொள்ளும் பழைய பந்தயமும் இன்னும் நடக்கிறது. அங்கே புள்ளிதான் கணக்கு. நேரம் மோசமானாலும் பக்கத்தில் ஓடுபவரை முந்தினால் அணிக்கு உதவி செய்தவர் ஆகிறார். மற்றப் பயிற்சியாளர்களும் ஜனவரியில் ஒரே ஒரு சனிக்கிழமையை, அக்கம்பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு, மெதுவான தடமானாலும் பரவாயில்லை என்று, இப்படிப்பட்ட பந்தயத்துக்கு ஒதுக்க வேண்டும். பட்டியலுக்கு மற்ற சனிக்கிழமைகள் இருக்கின்றன.